உப்பு ஜாடிக்கும் தலைக்குத் தண்ணீர்

ஒரு உடைந்த கோப்பையை ஒட்ட இரண்டு மாதம் ஆகும் என்று அந்தப் பெண் சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். குக்கர் விசில் விடுவதற்குள் நாலு தடவை அடுப்படிக்குப் போய் அதை முறைத்துவிட்டு வருகிற ஜென்மம் நான். என் வீட்டில் முழுசாக ஒரு செட் கோப்பை இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் காது போகும், அடுக்குகிற வேகத்தில் விளிம்பு போகும். என் வீட்டுக்காரர் காது இல்லாத கப்பிலேயே காபி குடித்துப் பழகிவிட்டார்.

அந்தப் பெண்ணை எனக்கு ஆபீசில்தான் பழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. வருகிற சாமானில் மயிரிழை கீறல் இருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். பல வருஷமாக இதே வேலை என்பதால் எங்கே விரிசலைப் பார்த்தாலும் என் கை தானாகச் சிவப்புத் தொட்டியைத் தேடும். ஜப்பானிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தபோது, மொழிபெயர்க்க இவள் கூட வந்தாள். நம்ம ஊர்ப் பெண்தான், முப்பது வயசு இருந்தால் அதிகம், வானகரத்தில் வீடு. சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து டீ ஊற்றினாள். கோப்பையின் குறுக்கே தங்கத்தில் ஒரு கோடு ஓடியது.

டிசைனா என்று கேட்டேன். இல்லை, உடைந்தது, நானே ஒட்டினேன் என்றாள். கின்ட்சுகி என்று பெயராம். ஒட்டுப் போட்டதை மறைக்காமல் அதன் மேலேயே தங்கப்பொடி தூவிக் காட்டுவார்களாம். விரிசல் விட்ட சாமானைத் தூக்கிப் போட்டே சம்பளம் வாங்குகிறவளுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? எரிச்சலாக இருந்தது. அதைவிட ஆசையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன், வாங்களேன் ஆன்ட்டி என்றாள். அந்த 'ஆன்ட்டி'யைக்கூடப் பொறுத்துக்கொண்டு போனேன்.

வகுப்பு என்றால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். ஜப்பானில் அரக்கு மரத்தைக் கீறி எடுக்கிற பால் ஒன்று இருக்கிறது. அதில் மைதா மாவையும் தண்ணீரையும் சேர்த்துப் பிசைந்தால் பசை. பரோட்டா மாவு மாதிரி இழுபட வேண்டும் என்று நான் சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்தப் பால் காய்வதற்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். ஒட்டிய பாத்திரத்தை ஈரத்துணியோடு ஒரு பெட்டியில் வைத்து மூடி, வாரக்கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். நான் மருந்துக் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கி வந்து, காது போன கப்பை உள்ளே வைத்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ தயிர் உறைய வைத்திருக்கிறேன் என்று நினைத்துத் திறந்து திறந்து பார்த்தார்.

கையுறை போடாமல் இதைத் தொடாதீர்கள் என்று அவள் முதல் நாளே சொன்னாள். மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தக்கார மரமாம் அது. பால் தோலில் பட்டால் தடிக்கும், சேங்கொட்டை மாதிரி. மாங்காய்ப் பாலைப் புறங்கையால் துடைத்துவிட்டு ஊறுகாய் போடுகிறவளிடம் இதைச் சொன்னால் ஏறுமா? தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது என் எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரி. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் அடுக்குமாடியில் அவள் கதவும் என் கதவும் நேருக்கு நேர். நாங்கள் போடாத சண்டை கிடையாது. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, கோலத்தை யார் மிதித்தது, சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா, எதுவானாலும் சரி. காலையில் கதவை அறைந்து சாத்திக்கொள்வோம், சாயங்காலம் பஜ்ஜித் தட்டு எதிர்க் கதவைத் தட்டும். அவள் இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கட்டடத்தில் பேசுவதற்கு ஒரு நாதி இல்லை.

உப்பில் மட்டும் இரண்டு பேரும் உஷார். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அவள் ஊரிலும் சொல்வார்கள், என் ஊரிலும் சொல்வார்கள். அவசரத்துக்கு ஒரு கிண்ணம் உப்பு கேட்டால்கூட, அவள் வாசலில் தரையில் வைப்பாள், நான் எடுத்துக்கொள்வேன். இத்தனை ஜாக்கிரதைக்கும் சண்டை என்னவோ தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

அவள் வீட்டு உப்பு ஒரு பீங்கான் ஜாடியில் இருக்கும். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண ஜாடிதான். கல்யாணம் முடிந்து அவள் அம்பத்தூரில் குடித்தனம் வைத்தபோது அவள் அம்மா கல்லுப்பு நிரப்பி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தது. அந்த அம்மா இப்போது இல்லை. திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு ஒரே ஆசை. கிரகப்பிரவேசத்தன்று முதலில் உப்பும் மஞ்சளும் உள்ளே போகும் அல்லவா, அந்த உப்பு அம்மா கொடுத்த ஜாடியில்தான் போக வேண்டும். செங்கல் அடுக்கும்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து வருகிற முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அவள் கணவருக்கு எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற வியாதி. ஐப்பசி மழையிலேயே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். ஜாடியைப் பழைய போர்வையில் சுற்றி, பெட்டியில் வைத்து, மேலே 'மெதுவாக' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு அதன் மேலேயே கிரைண்டர் குழவியை வைத்தார். போர்வையைப் பிரித்தபோது ஜாடி பெரிய துண்டாக நாலும் பொடியாகக் கொஞ்சமும் இருந்தது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவள் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உதவிக்கு வந்திருந்த அவள் நாத்தனார் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர், சாஸ்திரம் சம்பிரதாயம் எல்லாம் அவர் கையில்.

"நல்ல காரியத்துக்கு நாள் குறிச்சுட்டு உப்பு ஜாடிய உடைச்சிருக்கீங்க. மொதல்ல அத வெளிய கொண்டு போய்ப் போடு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ. "யாரும் வெளிய போட வேணாம். என்கிட்ட குடு. நான் தங்கத்தால ஒட்டித் தரேன். புது வீட்டுக்குள்ள மொதல்ல இதுதான் போகும்" என்றேன்.

அதுவரை நான் ஒட்டியிருந்தது ஒரே ஒரு காது. அதுவும் காயாமல் பெட்டிக்குள் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பொடித் துகள் உட்பட எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளி, என் வீட்டில் கொண்டுவந்து கொட்டினாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாவிட்டால் அவள் முகத்தில் முழிக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

வானகரத்துப் பெண்ணிடம் ஓடினேன். அவள் நாளை எண்ணிப் பார்த்து, முடியும், ஆனால் எந்த இடத்திலும் அவசரப்படக் கூடாது என்றாள். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்தேன், மைதாப் பசை தடவினேன், சேர்த்துப் பிடித்து ரப்பர் பேண்டால் கட்டினேன். பெட்டியில் வைத்து மூடி, என் வீட்டுக்காரருக்குக் கை எட்டாத பரணில் ஏற்றினேன். கழுத்துப் பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில்லு காணாமல் போயிருந்தது. அந்தப் பள்ளத்தை நைசான களிமண் பொடியும் அரக்குப் பாலும் கலந்து அடைத்தேன். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினேன். தினமும் நான் ஆபீசிலிருந்து வந்ததும் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். "என்னாச்சு?" என்பாள். "காயுது" என்பேன். தைரியசாலிதான், ஒரு நாளும் பெட்டியைத் திறந்து காட்டு என்று கேட்கவில்லை.

மிச்சமிருந்தது ஒட்டின் மேல் சிவப்பு அரக்கில் மெல்லிசாகக் கோடு இழுத்து, அது அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது தங்கப்பொடி தூவுவது. மார்கழி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கோட்டை இழுத்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்குக் கை பரபரத்தது. மெல்லிசாக இரண்டு தரம் பூசுவதற்குப் பதில், கனமாக ஒரே தரம் பூசினேன். சீக்கிரம் காயட்டும் என்று பெட்டிக்குள் ஈரத்துணியை இன்னொன்று கூட வைத்தேன். அன்றைக்குப் பார்த்து வெளியே அகால மழை வேறு. மறுநாள் திறந்தால் கோடு முழுக்கப் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்றார். வானகரத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அதிக ஈரத்தில் மேல் தோல் முதலில் காய்ந்துவிடும், கனமாக இருந்தால் சுருங்கும், முழுசும் சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள் என்றாள். உட்கார்ந்து உப்புத்தாளால் சுரண்டினேன். கையுறைக்குள் வியர்த்தது, கழற்றி வீசினேன். தூள் பறந்தது, முழங்கையால் நெற்றியைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், கண்ணைக் கசக்கினேன்.

அதற்கடுத்த நாள் காலையில் என் கண் திறக்கவில்லை. இரண்டு கையும் கழுத்தும் முகமும் கொப்புளம் கொப்புளமாகத் தடித்து, இமை இரண்டும் இட்லியாக உப்பியிருந்தது. அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு. காபியோடு வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்துகீறாம்மா. சொறியாத. சும்மா படு" என்றார்.

அவர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். எஸ்டேட் வருவதற்கு முன் இங்கே நிலம் உழுத குடும்பம். அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதில் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. உடம்பில் கொப்புளத்தைப் பார்த்தால் அம்மை, அம்மை என்றால் வேப்பிலை, அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடையாது. இது அரக்கு, அம்மை இல்லை என்று நான் படுக்கையிலிருந்து கத்தக் கத்த, அவர் கீழே இறங்கிப் போய் ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு வந்தார். நிலைப்படியில் ஒரு கொத்து, என் தலைமாட்டில் ஒரு கொத்து. ஆபீசுக்கு அவரே போன் போட்டு லீவு சொன்னார். பால்காரரை மாடி ஏற வேண்டாம் என்றார். வீட்டில் தாளிப்பு நின்றது. பொங்கலுக்கு வடை கிடையாது, தெரியுமா? எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

வானகரத்துப் பெண் வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, ஜப்பானில் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரு தரம் இப்படி ஆவார்கள், டாக்டரைப் பாருங்கள் என்றாள். முக்காடு போட்டுக்கொண்டு போனேன். டாக்டரும் ஒவ்வாமைதான் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டை என் வீட்டுக்காரர் மரியாதையாக வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வேப்பிலையை மட்டும் எடுக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் வாசலில் வேப்பிலை தொங்கினால் போதும், வேறு அறிவிப்பே தேவையில்லை. மாடிப்படியில் எங்கள் தளம் வந்ததும் எல்லாரும் சுவரோரமாக நடந்தார்கள். எதிர்வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. எதிரெதிர் கதவுக்கு நடுவில் போன்!

நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். தூங்கினாயா என்றாள். பிறகு மெதுவாக, ஜாடி இருக்கட்டும், விடு என்றாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து எதுவும் புது வீட்டுக்குள் போகக் கூடாதாம், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் நானும் விசேஷத்துக்கு வரக் கூடாதாம். அவள் நாத்தனார் சொல்லிவிட்டாராம்.

"உனக்கும் இது அம்மைன்னுதான் தோணுதா?" என்று கேட்டேன்.

"தோணல. ஆனா அண்ணி கேக்க மாட்டாங்க. நான் என்ன பண்றது?" என்றாள்.

இன்னொரு நாளாக இருந்தால் நான் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன், அவளும் விட்டுக் கொடுத்திருக்க மாட்டாள். அன்று இருவருமே சரி, சரி என்று சொல்லிக்கொண்டு போனை வைத்தோம். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் சில நாளில் எதிர்க் கதவில் பூட்டுத் தொங்கப் போகிறது, கடைசிப் பேச்சு இப்படியா இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாயங்காலம் கதவைத் திறந்தால் நிலைப்படிக்கு வெளியே இரண்டு இளநீர் சீவி வைத்திருந்தது. கோபத்தில் குடிக்கவில்லை. அரை மணி கழித்து இரண்டையும் குடித்தேன்.

குடித்துவிட்டுப் பெட்டியை இறக்கினேன். ஜாடி புது வீட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும், சொன்ன சொல் சொன்னதுதான். இந்தத் தரம் கையுறை, மூக்குக்குத் துணி எல்லாம் போட்டுக்கொண்டேன். மெல்லிசாகக் கோடு இழுத்தேன். அது தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வரும்வரை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. வானகரத்துப் பெண் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறியை நிறுத்துங்கள் ஆன்ட்டி, மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள், ஊதினால் போச்சு என்றாள். அவள் கொடுத்திருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பஞ்சில் தங்கப்பொடியைத் தொட்ட அந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் சாம்பிராணித் தட்டை ஏந்தி, விசிறியால் விசிறிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். நான் ஜாடியின் மேல் அப்படியே கவிழ்ந்து மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தால் பொடி பறக்கும் என்பதால் திட்டவும் முடியவில்லை. வாழ்க்கையில் அவர் என்னிடம் திட்டு வாங்காமல் தப்பித்த ஒரே தருணம் அதுதான்.

கோடு நின்றது. கழுத்திலிருந்து இறங்கி, பழுப்பும் வெள்ளையும் சேருகிற இடத்தில் இரண்டாகப் பிரிந்து, அடி வரைக்கும் ஓடியது. உப்பிய இமையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எனக்கே நம்ப முடியவில்லை.

இப்போது ஜாடி தயார். ஆனால் அது தாண்ட வேண்டிய வாசலை ஒரு வேப்பிலைக் கொத்து மறித்துக்கொண்டு நின்றது. டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நாத்தனாரிடம் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கதவில் கை வைத்து நிறுத்தினார். அந்தம்மா சீட்டைப் பார்த்து மனசு மாறுகிற ஆள் இல்லை, தண்ணி ஊத்திக்கோ என்றார். இல்லாத அம்மைக்கு எதற்கு ஊற்ற வேண்டும் என்று எகிறினேன்.

"இருக்குதோ இல்லியோ, ஊத்திட்டா ஊரு ஒத்துக்கும். உனக்கு நீ சொன்னதுதான் ஜெயிக்கணுமா, ஜாடி போணுமா?" என்றார்.

இறங்கிப் போவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் முந்தானையில் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாளே, அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சரி, ஊற்றித் தொலையுங்கள் என்றேன்.

காலையிலேயே கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக ஆனதும் என்னை மணையில் உட்கார வைத்தார். எல்லா பால்கனியிலும் தலைகள். அவள் நாத்தனாரும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஒருத்தி வந்து ஊற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பொதுவாகக் குரல் கொடுத்தார். யாரும் அசையவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி இறங்கி வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சொம்பை எடுத்தாள். முதல் சொம்பைத் தலையில் ஊற்றியபடியே குனிந்து என் காதில் மட்டும் சொன்னாள். "கண்ணை மூடிக்கோடி. உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வருது."

நான் சிரித்தேன். தண்ணீர் வாய்க்குள் போனது, புரை ஏறியது. அம்மன் சிரிக்கிறாள் என்று கீழ்த்தளத்தில் யாரோ கும்பிட்டார்கள். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாத அளவுக்கு மஞ்சள் தண்ணீர் முகத்தில் வழிந்தது. என் வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. மாடிக்குப் போய் ஜாடியை எடுத்து வந்து, அதையும் மணையில் உட்கார வைத்து, மிச்சத் தண்ணீரைப் பக்தியோடு அதன் தலையில் ஊற்றினார். ஒரு வேப்பிலையை அதன் மூடியில் செருகினார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"அக்கா, இவளுக்கும் ஊத்தியாச்சி, ஜாடிக்கும் ஊத்தியாச்சி. இனிமே இன்னா கீது?"

நாத்தனார் மேலேயிருந்து தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அது சரி என்ற ஆட்டலா, இல்லை என்ற ஆட்டலா என்று முகூர்த்தம் வரைக்கும் எங்களுக்குப் புரியவில்லை.

திருநின்றவூருக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டோம். மடியில் ஜாடியை வைத்துக்கொண்டுதான் போனேன், நிறையக் கல்லுப்பு. தெருவில் இன்னும் பாதி மனைகள் காலி. ஏரிப் பக்கத்திலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று. வாசலில் மாவிலை, மாடு கன்று, ஐயர், எல்லாம் தயார். நாத்தனார் நிலைப்படி ஓரத்தில் நின்றார். ஜாடியை வாங்காமல், விளக்கு வெளிச்சத்தில் என்னையே திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

நெசத் தங்கமா என்று கேட்டார். நெசத் தங்கம்தான் என்றேன். மேல் பூச்சா என்றார். இல்லை, பொடியே தங்கம் என்றேன். அவர் யோசித்தார். உடைந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், சுரண்டியது, பூசியது, வீங்கியது, ஊற்றியது எல்லாம் போச்சு. பின்னால் எதிர்வீட்டுக்காரி என் தோளை ஒட்டி வந்து நின்றாள்.

"உப்பும் லட்சுமி, தங்கமும் லட்சுமி. ரெண்டும் சேந்து மொதல்ல வருதுன்னா வேணாங்கறதுக்கு நான் யாரு? அவளக் கொண்டு போகச் சொல்லு" என்றார்.

நான் பழக்கதோஷத்தில் குனிந்து ஜாடியைப் படியில் வைக்கப் போனேன். உப்பாயிற்றே, கைக்குக் கை கொடுக்கக் கூடாதே. எதிர்வீட்டுக்காரி சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"கீழ வைக்காத. கையிலயே குடு" என்றாள்.

இன்றைக்குப் போய் இதைச் செய்வார்களா, சண்டை வரும் என்று நாத்தனார் பதறினார்.

"வரட்டும் அண்ணி. சண்டை போடவாவது இவ ரயிலேறி வருவால்ல" என்றாள்.

கொடுத்தேன். ஜாடியின் அடியில் என் கையும் அவள் கையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருந்தன. பிறகு அவள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். கையில் தடிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை, நான் அதைச் சொறிந்துகொண்டே வாசலில் நின்று அழுதேன்.

அந்த வாரமே சண்டை வந்துவிட்டது. புது வீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ், அதற்குள்ளே ஒரு பொம்மைக்கும் ஒரு கடிகாரத்துக்கும் நடுவில் ஜாடி. மூடியில் என் வீட்டுக்காரர் செருகிய வேப்பிலை காய்ந்துபோய் அப்படியே இருந்தது. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. உப்பு போடுவதற்குத்தானே முகமெல்லாம் வீங்கி ஒட்டிக் கொடுத்தேன், காட்சிக்கு வைக்கவா என்று போனில் கத்தினேன். என் ஜாடி, நான் எங்கே வேண்டுமானாலும் வைப்பேன் என்று அவளும் கத்தினாள். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லுப்புப் பாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஆவடி போனது, பட்டாபிராம் போனது. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் போட்டோவைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியாதா?

திருநின்றவூரில் இறங்கினால், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு லேட் என்று ஆரம்பித்தாள். நான் பையைத் திறந்து உப்புப் பாக்கெட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.